பெயரை விரலால் மறைத்துக்கொண்டு

காத்ர் போர்னிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "காலையில் மெட்ரோவில் எபேனுக்கு வேலைக்குப் போகும்போது செய்தியும் பத்திக் கட்டுரைகளும் படிக்கிறேன். பாதி படிப்பதற்குள் ரத்தம் கொதிக்கிறது. இறங்குவதற்குள் ஒரு பதில் எழுதிப் போட்டுவிடுகிறேன். சாயங்காலம் அதையே திரும்பப் படித்தால் வெட்கமாக இருக்கிறது. ஓய்வூதிய வயதை உயர்த்தக் கூடாது என்று ஒருவர் எழுதிய பத்தியைக் கிழித்துத் தொங்கவிட்டேன். என் அத்தைக்கு வயது 58. அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. எழுதுவதையே விட்டுவிடலாமா சார்? தமிழில் எழுதிப் பார்க்கலாம் என்றும் ஓர் ஆசை. ஆனால் மொரீஷியஸில் தமிழில் யார் படிக்கப் போகிறார்கள்?" அந்தப் பத்திக்கு எழுதிய பதிலையும் கூடவே அனுப்பியிருக்கிறார்.

விட வேண்டாம் தம்பி. ஆனால் முதலில் ஒன்று சொல்லுங்கள். அந்தப் பத்தியைத் திறந்ததும் உங்கள் கண் எங்கே போனது? தலைப்புக்கா, எழுதியவர் பெயருக்கா?

என் கண் பெயருக்குத்தான் போகும். எனக்கு 67 வயது. முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடங்களில் தமிழ் சொல்லிக் கொடுத்தவன். நாளிதழ் படிக்கத் தொடங்கிய காலத்திலிருந்தே இந்த நோய் எனக்கு உண்டு. என் அப்பாவுக்கும் இருந்தது. ரோஸ் ஹில்லில் எங்கள் தெருமுனை லாபுத்திக்கில், அதாவது மளிகைக் கடையில், யாராவது நாளிதழைச் சத்தமாகப் படித்தால், நாலாவது வரி வருவதற்குள் அப்பா கேட்டுவிடுவார்: "கி சோ நோம்?" இங்கே எல்லோரும் பேசும் கிரியோலில், எழுதினவன் பேர் என்ன என்று. பெயரைச் சொன்னதும் கூட்டத்தில் பாதித் தலை ஆடும், மீதி உதடு பிதுங்கும். அதற்குப் பிறகு படித்த வரிகள் யார் காதிலும் ஏறியதாகத் தெரியவில்லை.

இந்தத் தீவில் ஒரு பெயர் எவ்வளவு சொல்லிவிடுகிறது பாருங்கள். ஆறுமுகத்தை எந்தக் காலத்திலோ ஒரு பிரெஞ்சு எழுத்தர் ஆர்மூகம் என்று எழுதினார், குப்புசாமி கூப்பூசாமி ஆனார். அந்த எழுத்துப் பிழைதான் இன்று எங்கள் அடையாள அட்டை. பெயரைப் பார்த்தால் பாட்டன் எந்தக் கப்பலில் வந்திருப்பான், வீட்டில் காவடியா கிறிஸ்துமஸா, எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டிருப்பான் என்று ஊகித்துவிடுகிறோம். ஊகம் பாதி நேரம் தப்பு, ஆனாலும் நாங்கள் விடுவதில்லை. சட்டமே அப்படித்தானே சொல்லிக் கொடுத்தது? அரசியல் சாசனத்தில் இந்து, முஸ்லிம், சீனர், பொதுமக்கள் என்று நாலு பெட்டி. தமிழர்களான நாங்கள் இந்துப் பெட்டிக்குள். தேர்தலில் தோற்றவர்களிலிருந்து எட்டுப் பேர் வரை சமூகக் கணக்குப் பார்த்து உள்ளே எடுக்கும் முறைக்கு இன்றும் 1972 கணக்கெடுப்புதான் ஆதாரம். அதற்குப் பிறகு சமூகவாரியாக எண்ணவேயில்லை. செத்துப்போனவர்களின் கணக்கை வைத்து உயிரோடிருப்பவர்களுக்கு இடம் ஒதுக்குகிறோம்.

பெயரைப் பார்ப்பது முட்டாள்தனம் என்றும் சொல்ல மாட்டேன். அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. போர்ட் லூயியில் கம்பெனித் தோட்டத்தில் ஆலமரங்களுக்கு நடுவே ஆத்ரியன் தெப்பினேயின் சிலை நிற்கிறது. பத்திரிகைச் சுதந்திரத்தின் தந்தை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். 1832இல் 'லெ செர்னேயன்' நாளிதழைத் தொடங்கியவர். அந்தப் பத்திரிகை 150 வருஷம் ஓடி 1982இல் நின்றது. சரி, அந்தச் சுதந்திரத்தை வைத்துக்கொண்டு அவர் யாருக்காக வாதாடினார்? அடிமைகளை வைத்திருந்த தோட்ட முதலாளிகளுக்காக. 1835இல் அடிமைமுறை ஒழிந்தபோது நஷ்டஈடு போனது முதலாளிகளுக்கு, விடுதலையானவர்களுக்கு ஒரு காசும் இல்லை. ஆகவே இந்த ஊரில் கருத்து எழுதுபவன் யார் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு எழுதுகிறான் என்று கேட்கும் பழக்கம் காரணமில்லாமல் வந்ததில்லை. என் அப்பாவின் கேள்வியில் தப்பில்லை. அவர் கேட்ட நேரம்தான் தப்பு. நாலாவது வரியில் கேட்டார், கடைசி வரிக்குப் பிறகு கேட்டிருக்கலாம்.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

1998 நவம்பரில் நீங்கள் பிறந்தே இருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அப்போது மொரீஷியஸ் வங்கி புது ரூபாய் நோட்டுகளை வெளியிட்டது. நல்ல அழகான நோட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு தலைவர் முகம். நூறு ரூபாயில் எங்கள் ரங்கநாதன் சீனிவாசன், ஐந்நூறில் சுக்தேவ் பிசுந்தயாள், ஆயிரத்தில் கேத்தான் துவால், இரண்டாயிரத்தில் சிவசாகர் ராம்குலாம். முகங்களைப் பற்றி யாரும் சண்டை போடவில்லை. சண்டை எழுத்தில் வந்தது. அதுவரை வந்த நோட்டுகளில் முதலில் ஆங்கிலம், அடுத்து தமிழ், அதற்குக் கீழே இந்தி. புது நோட்டில் இந்தி மேலே ஏறி, தமிழ் கீழே போயிருந்தது.

வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். மக்கள்தொகையில் சுமார் 6 விழுக்காடு, அதிலும் வீட்டில் தமிழ் பேசுகிறவர்களை விரல் விட்டு எண்ணலாம், இதில் எழுத்து மேலே இருந்தால் என்ன, கீழே இருந்தால் என்ன என்று கேட்கிறார்கள். பேச்சு போய்விட்டதால்தான் தம்பி. வாயில் இல்லாத மொழி நோட்டிலாவது இருக்கட்டும் என்ற பரிதவிப்பு. பிரெஞ்சு ஆளுநர் லா பூர்தொனே காலத்தில் புதுச்சேரியிலிருந்து வந்த கொத்தனும் தச்சனும் போர்ட் லூயியைக் கட்டினார்கள், வடக்கிலிருந்து கரும்புக்காக ஆட்கள் வந்தது அதற்கு நூறு வருஷம் கழித்துத்தான், அதனால் வந்த வரிசைப்படி தமிழ் முன்னால் என்பது எங்கள் வாதம். தமிழ்ச் சங்கங்களும் கோவில்களும் கொதித்து எழுந்தன. கடைசியில் நோட்டுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, மறு வருஷம் பழைய வரிசையிலேயே அடித்து வெளியிட்டார்கள். இன்று உங்கள் பையில் இருக்கும் நோட்டை எடுத்துப் பாருங்கள், ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ்தான்.

இந்த அமளியில் நானும் ஓர் ஆசிரியர் கடிதம் எழுதினேன். எந்த நாளிதழுக்கு என்பது வேண்டாம். என் பிரெஞ்சு அப்போதும் சுமார்தான், ஒரு நண்பரிடம் திருத்தி வாங்கினேன். ஒன்றரைப் பக்கம். அதில் முக்கால்வாசி நூறு ரூபாயில் இருக்கும் ரங்கநாதன் சீனிவாசனைப் பற்றி. வழக்கறிஞர், அரசியல்வாதி, 1958இலேயே போய்விட்டார். அவர் முகத்தைப் போட்டுவிட்டு அவர் பாட்டன் எழுத்தைக் கீழே தள்ளுவது என்ன மரியாதை என்று கேட்டிருந்தேன். கடைசிப் பத்தியில் கோபத்தில் ஒரு வரி: இந்தி பேசுகிறவர்கள் எண்ணிக்கையைக் காட்டி எதையும் எடுத்துக்கொள்ளலாமா என்று. நாலாவது நாள் கடிதம் வந்தது. ரங்கநாதன் சீனிவாசனைக் காணோம். முதல் பக்கம் முழுக்கப் போய், கடைசிப் பத்தி மட்டும் நின்றது. மேலே நான் வைக்காத தலைப்பு. கீழே என் முழுப்பெயர், ஊர்ப்பெயரோடு.

பக்கத்து வீட்டுக்காரர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் வீட்டுக் கிழவி கடைசிவரை இந்திக்கு நெருக்கமான போஜ்புரிதான் பேசினாள். தீபாவளிக்கு அங்கிருந்து தட்டு வரும், காவடிக்கு இங்கிருந்து ஏழுகறி இலைச் சாப்பாடு போகும். அந்த வருஷம் தட்டு வரவில்லை என்று சொல்ல முடியாது, ஏனென்றால் தீபாவளி முன்னாலேயே முடிந்திருந்தது. ஆனால் அடுத்த காவடிக்கு நான் கொடுத்தனுப்பிய தூக்கு அப்படியே திரும்பி வந்தது. வீட்டில் எல்லோருக்கும் வயிறு சரியில்லையாம். ஆறு பேருக்கும்.

அவர் என் கடிதத்தைப் படித்தாரா? கொஞ்சம் படித்தார். பெயரைப் படித்தார், தலைப்பைப் படித்தார். மனுஷர் பிறகு ஒரு நாள் வேலியோரம் நின்று சொன்னார்: "நோட்டை நான் இனிமேல் தலைகீழாக மடித்து வைத்துக்கொள்கிறேன், உன் எழுத்து மேலே இருக்கும். சரியா?" அவர் கிண்டல் செய்கிறார் என்று புரியவே எனக்கு ஒரு நிமிஷம் ஆனது. உள்ளே கூப்பிட்டு வெட்டுப்படாத ஒன்றரைப் பக்கத்தையும் காட்டினேன். படித்துவிட்டு, "இதை ஏன் போடவில்லை?" என்றார். எனக்கு எப்படித் தெரியும்? நானே கொடுத்த வரிதான் அது. கடிதத்தில் ஒரே ஒரு வெடி இருந்தால் பத்திரிகைக்காரன் அதைத்தான் எடுப்பான். வெடி வைக்காமல் இருந்திருந்தால் ஒருவேளை கடிதமே வந்திருக்காது. அதையும் யோசித்திருக்கிறேன்.

அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். பத்தியை எடுத்ததும் பெயர் இருக்கும் இடத்தில் கட்டைவிரலை வைத்துக்கொள்வேன். கைப்பேசியில் என்றால் மேலே தள்ளிவிட்டு இரண்டாவது பத்தியிலிருந்து படிப்பேன். படித்து முடித்து, சரி, இந்த ஆள் சொல்வதில் இது நியாயம், இது அநியாயம் என்று மனசுக்குள் ஒரு தீர்ப்பு எழுதிவிட்டுத்தான் விரலை எடுப்பேன். பெயரைப் பார்த்ததும் தீர்ப்பு மாறுகிறதா? மாறினால், அந்த வித்தியாசம் எழுதியவருடையது இல்லை, என்னுடையது. சில நாள் எனக்கே அசிங்கமாக இருக்கும் அளவுக்கு மாறியிருக்கிறது. ஒருமுறை கரும்பாலைகள் மூடுவதைப் பற்றி ஒரு பத்தி. நல்ல அலசல், இவன் தொழிலாளி வீட்டுப் பிள்ளையாக இருப்பான் என்று நினைத்து விரலை எடுத்தால், பெரிய தோட்டக் குடும்பத்துப் பெயர். உடனே அந்த அலசலில் ஓட்டை தேட ஆரம்பித்தேன். இரண்டு ஓட்டை கண்டும்பிடித்தேன். உண்மையான ஓட்டைகள்தான். ஆனால் விரல் இருந்தவரை அவை என் கண்ணில் படவில்லையே, ஏன்?

செய்தி வேறு, பத்தி வேறு என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அது அவ்வளவு சுலபமாகப் பிரிவதில்லை. செய்தியைப் படிக்கும்போதே மனசு பத்தி எழுத ஆரம்பித்துவிடுகிறது. வாகாஷியோ கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஜூலை 25 அன்று புவாந்த் தெஸ்னிக்கு எதிரே பவளப் பாறையில் ஏறி நின்றது. ஆகஸ்ட் 6 அன்று எண்ணெய் கசியத் தொடங்கியது. நடுவில் பன்னிரண்டு நாள். சுமார் 1,000 டன் கடலில் கலந்தது. நானும் என் மைத்துனரும் மாயேபூர் கரைக்குப் போனோம். அங்கே ஊரே கூடிக் கரும்புச் சோகையைத் துணிக்குள் திணித்து, மிதப்பதற்குக் காலி பாட்டில்களைக் கட்டி, தடுப்பு தைத்துக்கொண்டிருந்தது. கோணி ஊசி பிடித்துத் தைத்த பெண்களில் கிரியோல், இந்து, முஸ்லிம், தமிழ் எல்லாம் இருந்தார்கள். அன்று யாரும் யாரிடமும் பெயர் கேட்கவில்லை. எல்லோர் கையும் கறுப்பு. அந்த நாற்றம் என் சட்டையிலிருந்து நாலு சலவைக்குப் பிறகும் போகவில்லை.

அதே வாரம் நான் என்ன செய்தேன் தெரியுமா? கப்பலில் பிறந்தநாள் விருந்து நடந்தது, ஆட்டம் போட்டுக்கொண்டிருந்ததால் கரையைக் கவனிக்கவில்லை என்று ஒரு பேச்சு வந்தது. செய்தியிலும் வந்தது. அதை நம்பி, குடித்துவிட்டுக் கப்பல் ஓட்டினார்கள் என்று எழுதி, தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அனுப்பினேன். குடித்தார்கள் என்பது நானே சேர்த்த மசாலா. கப்பலை வாடகைக்கு எடுத்திருந்த ஜப்பானிய நிறுவனம் டிசம்பரில் சொன்னது வேறு: கைப்பேசிக்கு அலைவரிசை கிடைக்கவேண்டும் என்று கரைக்கு நெருக்கமாக வந்திருக்கிறார்கள். இது குடியைவிட மோசமா, இல்லையா என்று நீங்கள் யோசித்துக்கொள்ளுங்கள். மாசக்கணக்கில் வீட்டைப் பிரிந்திருந்த மாலுமிகள், ஒரு கோடு அலைவரிசைக்காக ஒரு கடற்கரையையே நாசமாக்கிவிட்டார்கள். நான் எழுதியிருக்க வேண்டியது இதைத்தான். அவசரத்தில் அதைத் தவறவிட்டேன்.

அப்புறம் கப்பல் தலைவர் இந்தியர் என்று தெரிந்தது. எங்கள் தெருவில் பேச்சின் சுருதியே மாறியது. சிலர் குரலை இறக்கினார்கள், சிலர் ஏற்றினார்கள். கப்பல் அதே கப்பல், எண்ணெய் அதே எண்ணெய்.

மாயேபூரில் நான் கையால் தொட்டதைப் பற்றி எழுதிய நாலு வரியை இன்றும் யாராவது நினைவுபடுத்துகிறார்கள். விருந்தைப் பற்றி எழுதிய நாற்பது வரியை நினைவுபடுத்தாமல் இருப்பதே அவர்கள் எனக்குச் செய்யும் உபகாரம். நேரில் பார்த்ததை மட்டும்தான் எழுத வேண்டும் என்று விதி போட்டால் பாதி உலகத்தைப் பற்றி வாயே திறக்க முடியாது, அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் பதிலில் ஒரு வரியாவது உங்கள் கையில் பட்டதாக இருக்கட்டும். அந்த வரி மற்ற வரிகளின் வாயைக் கட்டும்.

தமிழில் எழுதலாமா என்று கேட்டீர்கள். யார் படிப்பார்கள் என்பது இரண்டாவது. முதலில் அது உங்களுக்கு என்ன செய்யும் என்று பாருங்கள். இங்கே நாளிதழ் பிரெஞ்சு, சட்டம் ஆங்கிலம், கோபம் கிரியோல். மூன்றும் ஒன்றுக்கொன்று பழகிவிட்டன. பிரெஞ்சில் ஒரு வாக்கியத்தைப் படித்து, கிரியோலில் திட்டுவதற்கு அரை நொடி போதும். தமிழ் அப்படி இல்லை, உங்களை நிறுத்தி வைக்கும். ஒரு சொல்லுக்கு இதுதான் பொருளா என்று கேட்க வைக்கும். பத்தியில் 'முடிவெடுக்கப்பட்டது' என்று வழவழவென்று ஒரு வரி போகும். தமிழிலும் அப்படியே தப்பிக்கலாம், நம் அரசாணைத் தமிழுக்கு அது கைவந்த கலை. ஆனால் பாட்டிக்குச் சொல்வதுபோல் சொல்லிப் பாருங்கள், "யாருடா முடிவெடுத்தது?" என்று கேட்பாள். பாதிப் பத்திகள் அந்தக் கேள்வியில் படுத்துவிடும்.

பிரிட்டன் பிடித்து வைத்திருக்கும் சாகோஸ் தீவுகள் விஷயத்தில் இதைச் செய்து பார்த்தேன். 2025 மே 22 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. தீவுகள் மீது நமக்கு இறையாண்மை, அவற்றில் பெரியதான தியேகோ கார்சியாவில் மட்டும் ராணுவத் தளம் 99 வருஷத்துக்கு பிரிட்டன் கையில், அதற்கு ஆண்டுதோறும் பணம் என்று அதில் எழுதியிருந்தது. ஒரு பத்தியில் இது மாபெரும் வெற்றி, இன்னொன்றில் விற்பனை. இரண்டையும் தமிழில் எழுதிப் பார்த்தேன். 'வெற்றி' என்று எழுதினால் அடுத்த வரியில் 'குத்தகை' என்று எழுத வேண்டியிருக்கிறது. 'விற்பனை' என்று எழுதினால், 1965இல் நம்மிடமிருந்து வெட்டி எடுத்ததை, 2019இல் சர்வதேச நீதிமன்றம் சட்டவிரோதம் என்று சொன்னதை எங்கே வைப்பது? கடைசியில் எனக்கு வந்த தமிழ் இதுதான்: உன் வீடு உன்னுடையதுதான் என்று பத்திரம் கொடுத்துவிட்டான், கூடத்தில் மட்டும் 99 வருஷம் அவன் கட்டில் கிடக்கும், வாடகை தருவான். இப்படிச் சொன்னதும் அடுத்த கேள்வி தானாக வந்து நின்றது. அந்த வீட்டிலிருந்து 1968க்கும் 1973க்கும் இடையில் துரத்தப்பட்டவர்கள் எங்கே? போர்ட் லூயி ஓரத்திலும் இங்கிலாந்திலும் இருக்கிறார்கள். வெற்றி என்ற பத்தியிலும் விற்பனை என்ற பத்தியிலும் அவர்களுக்கு ஆளுக்கொரு வரிதான் கிடைத்திருந்தது. அவர்களுக்குள்ளேயே இந்த ஒப்பந்தத்தை ஏற்பவரும் உண்டு, எதிர்ப்பவரும் உண்டு.

கிரியோலில் 'நு பான்' என்கிறோமே, நம்ம ஆட்கள். அதற்கு மட்டும் தமிழில் அலையவே வேண்டாம், 'நம்மாளு' என்று கச்சிதமாக ஒரு சொல் தயாராக இருக்கிறது. இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

தமிழ்நாட்டுச் செய்திக்கும் நீங்கள் அங்கேயுள்ளவர்கள் கோபத்தையே கடன் வாங்கி எழுதுவதைப் பார்க்கிறேன். அந்தச் சண்டைக்கு அங்கேயே ஆள் போதும். மொரீஷியஸ்காரன் கண்ணுக்கு மட்டும் தெரிவது ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

எழுதுவதை விட வேண்டாம் என்று முதலிலேயே ஏன் சொன்னேன் என்றால், இப்போதைய நிலைமை அப்படி. 2024 நவம்பர் 10 தேர்தலில் மொரீஷியஸ் தீவின் 60 இடங்களும் ஒரே கூட்டணிக்குப் போயின. 1982இலும் 1995இலும் இதே கூத்தைப் பார்த்தவன் நான். எதிர்க்கட்சி பெயருக்கு இருக்கும் அவையில், எதிர்த்துக் கேட்கும் வேலை பத்தி எழுதுபவருக்கும் அதைப் படித்துப் பதில் சொல்பவருக்கும் வந்து சேருகிறது. அந்தத் தேர்தலுக்கு முன்னால் மீசைக்காரர் என்ற புனைபெயரில் ஒருவர் தலைவர்களின் தொலைபேசிப் பேச்சுகளை வரிசையாக வெளியே விட்டாரே, நாடே காதில் மாட்டிக்கொண்டு திரிந்தது. அப்போதைய ஆட்சி எல்லாம் செயற்கை நுண்ணறிவு செய்த போலி என்றது. நவம்பர் தொடக்கத்தில் சமூக ஊடகங்களையே தேர்தல் முடியும்வரை அடைக்க உத்தரவு வந்து, எதிர்ப்பு கிளம்பியதும் ஒரே நாளில் பின்வாங்கினார்கள். பேசாதே என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தார்கள், மக்கள் ஓட்டில் பேசிவிட்டார்கள். அந்த ஒரு நாள் எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது, மறைக்க மாட்டேன்.

இப்போது உங்கள் அத்தை விஷயம்.

2025 ஜூன் 5 பட்ஜெட்டில் அடிப்படை ஓய்வூதிய வயதை 60இலிருந்து 65க்குப் படிப்படியாகக் கொண்டுபோவதாக அறிவித்தார்கள். நம் ஊரில் இந்த ஓய்வூதியம் சாமான்ய விஷயம் இல்லை. 1958 முதல், சம்பளத்தில் பிடித்தம் கட்டியவர் கட்டாதவர் என்று பார்க்காமல், வயதான எல்லோருக்கும் கிடைத்து வந்தது. 2004இல் வசதியானவர்களுக்கு வெட்டிப் பார்த்தார்கள், மறு வருஷம் ஆட்சி மாறியதும் பழையபடி ஆனது. கைவைத்தால் சுடும் என்று எல்லா அரசாங்கத்துக்கும் தெரியும். கைவைத்துவிட்டார்கள். கிழவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள், பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிறார்கள், கஜானா தாங்காது என்பது அவர்கள் கணக்கு. கணக்கில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எனக்கு ஓய்வூதியம் எப்போதோ வந்துவிட்டது, அதனால் இப்படிச் சொல்வது எனக்குச் சுலபம் என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

உங்கள் பதிலும் அந்தக் கணக்கைத்தான் சொல்கிறது, சரியாகவும் சொல்கிறது. பத்தி எழுதியவரை 'உழைக்காமல் தின்னப் பார்க்கும் தலைமுறையின் வக்கீல்' என்று ஒரு வரியில் திட்டியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தின் வெடி அதுதான். அவருடைய பெயரைப் பார்த்த பிறகு எழுதிய வரி என்று எனக்குப் படுகிறது, தப்பானால் மன்னியுங்கள். மூன்றாவது பத்தியில், போகிற போக்கில், "என் அத்தை பதினேழு வயதில் கரும்புக் காட்டில் களையெடுக்கப் போனவர், இன்றும் காலை நாலரைக்கு எழுந்து அலுவலகங்களைக் கூட்டிப் பெருக்கப் போகிறார்" என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே மறுபடி சதவீதத்துக்கு ஓடிவிட்டீர்கள். நாற்பது வருஷம் குனிந்தே வேலை பார்த்த முதுகுக்கு 60 என்பதும், எபேனில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருக்கும் முதுகுக்கு 60 என்பதும் ஒரே 60 ஆகுமா? பத்தி எழுதியவர் கேட்டது இதைத்தான், கொஞ்சம் நாடகமாகக் கேட்டார். அதற்கு உங்கள் பதிலில் பதில் இல்லை. கணக்கு சரி என்று நீங்கள் சொல்லலாம், அவர் கேள்வியும் சரி என்று ஒரு வரி சேர்த்திருந்தால் உங்கள் பக்கம் ஒன்றும் குறைந்திருக்காது. உடல் உழைப்பு வேலைக்கு வேறு வயது வைக்கலாமா, எப்படி வைப்பது, யார் அளப்பது என்றெல்லாம் வாதாட எவ்வளவோ இடம் இருந்தது.

அத்தை உங்கள் கணக்கைப் படித்துக் கோபப்பட்டிருக்க மாட்டார். தன்னைப் பற்றிய ஒன்றரை வரியைப் படித்துவிட்டு, இவ்வளவு தெரிந்தும் இவன் இப்படி எழுதுகிறானே என்று கோபப்பட்டிருப்பார். நான் அத்தையாக இருந்தால் அதற்குத்தான் கோபப்படுவேன்.

நான் சொல்வது இதுதான். அனுப்பியதில் முதல் இரண்டு பத்தியையும் வெட்டிவிடுங்கள். மூன்றாவதிலிருந்து தொடங்குங்கள், அத்தை நாலரைக்கு எழுந்திருப்பதிலிருந்து. எந்தத் தோட்டம், கூலி என்ன, முட்டி எப்போது வலிக்கத் தொடங்கியது, ஓய்வூதியம் வந்தால் என்ன செய்வதாக இருந்தார், இதெல்லாம் உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். தெரிந்துகொள்ள அவர் வீட்டுக்குப் போக வேண்டும். போகும்போது காத்தோ பிமா, நம் மிளகாய் வடை, வாங்கிக்கொண்டு போங்கள், சூடாக. வாக்குவாதம் செய்யாமல் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கிரியோலில் சொல்வார், நீங்கள் தமிழில் எழுதுங்கள். ஒரு ராத்திரி போகட்டும். மறுநாள் உங்கள் கணக்கைக் கீழே சேருங்கள், அப்போதும் சேர்க்கத் தோன்றினால்.

முடித்ததும் எனக்கு அனுப்புங்கள். நான் ஒருவன் படிக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிரியோலில் வாசித்துக் காட்டுவேன், அவருக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. எழுதினவன் பேர் என்ன என்று பாதியில் கேட்பார். கடைசியில் சொல்கிறேன் என்பேன்.